டெய்ரா தூக்காத பிள்ளை

மூன்றாவது சீசனின் இரண்டாம் அத்தியாயத்தில் டெய்ராவின் இடது கை எரிந்துபோனது.

அதற்கு முந்திய இரண்டு சீசன்களிலும் டெய்ராவுக்கு என்ன நடந்தாலும் அடுத்த அத்தியாயத்தில் எல்லாம் சரியாகிவிடும். இடிந்த பாலம் பழையபடி நிற்கும். கிழிந்த அங்கி புதிதாக இருக்கும். செத்தவர் என்று யாருமே இருக்க மாட்டார்கள். வெளிநாட்டில் எழுதி, அங்கேயே குரலும் கொடுத்து, படங்களை அசைய வைக்கும் வேலையில் ஒரு பங்கை மட்டும் கண்டிக்கு அனுப்பும் கார்ட்டூன் அது; பறந்து போய் ஆட்களைக் காப்பாற்றுகிறவள் டெய்ரா. கட்டுகஸ்தோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் இருந்த சிறிய ஸ்டூடியோவுக்கு அந்த வேலை வந்துகொண்டிருந்தது. முதலாளி கிருஷாந்தன் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில்காரர். கண்டியில் கல்யாணம் முடித்து இங்கேயே தங்கிவிட்டவர். அவரிடம் வேலை செய்தவர்களில் ஆட்களை வரைவது ஸனா. தண்ணீர், நெருப்பு, புகை, இடிந்து விழும் சுவர் எல்லாவற்றையும் அசைய வைப்பது பிரேமிளா.

மூன்றாவது சீசனுக்கு எழுத்தாளர்கள் மாறினார்கள். இனிமேல் உடைந்தது உடைந்ததாகவே இருக்கும், இறந்தவர் திரும்பி வரமாட்டார், டெய்ரா ஒரு பிழை விட்டால் அது கடைசிவரை அவள் கூடவே வரும் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். கூடவே டெய்ராவின் புதிய படம் வந்தது. முழங்கைக்குக் கீழே தோல் சுருங்கி, விரல்கள் மடங்கிப்போன கை.

"இனி எல்லா ஷாட்லயும் இந்தக் கைய நான் வரையணுமா?" என்று ஸனா அலுத்துக்கொண்டாள். "புள்ளைகளும்தானே பாக்குறாங்க. ஒரு மருந்தப் போட்டு சொகமாக்கினா என்ன கொறஞ்சு போகும்?"

"அடிபட்டா வலிக்கும்தானே ஸனா. வலிக்காத மாதிரிக் காட்டினா அதுதான் பொய்" என்றாள் பிரேமிளா.

அவள் அதை மனதாரச் சொன்னாள். வேலை விஷயமாக வாராவாரம் நடக்கும் வீடியோ அழைப்பில், வெளிநாட்டில் அந்தப் பக்கமிருந்த பெண் இயக்குநரிடமும் சொன்னாள். "இப்போதுதான் டெய்ரா ஒரு மனுஷியாகத் தெரிகிறாள்." இயக்குநர் அதைக் கேட்டு மிகவும் சந்தோஷப்பட்டார். தன் குழுவில் எல்லோரிடமும் அதைச் சொல்லப்போவதாகச் சொன்னார்.

பிரேமிளாவின் அண்ணன் சுமன் ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டிக்கொண்டிருந்தான். மனைவி நிலூஷா மலையில் கொழுந்து எடுத்தாள். மகள் யசோதினி பள்ளிக்கூடத்தில் இரண்டாம் ஆண்டு படித்தாள். தீபாவளிக்குப் பிரேமிளா போனால், யசோ அவளுடைய போனைப் பிடுங்கிக்கொண்டு டெய்ராவின் பழைய அத்தியாயங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். டெய்ராவைப் பறக்க வைப்பது அத்தைதான் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். "நான் பொகையும் தண்ணியும்தான் வரையிறேன்டி" என்று பிரேமிளா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். அது பிள்ளையின் காதில் ஏறவில்லை.

நவம்பர் கடைசியில் மழை விடாமல் பெய்தது. தோட்டத்தில் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. காலையில் மழை கொஞ்சம் விட்ட நேரம் பார்த்து, மாவும் மெழுகுவர்த்தியும் வாங்கக் கீழே கடைக்குப் போனான் சுமன். அவன் திரும்பி ஏறி வரும்போது, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலிருந்த மலை அசைந்தது. லயத்தில் குடும்பத்துக்கு ஒன்றாக இருந்த காம்பிரா அறைகளில் கடைசி நான்கும் அதோடு போயின. அவனுடைய காம்பிரா கடைசியிலிருந்து இரண்டாவது.

மம்பட்டியாலும் கையாலும் ஆட்கள் தோண்டினார்கள். மறுநாள் பின்னேரம் நிலூஷாவின் உடலை எடுத்தார்கள். யசோ கிடைக்கவில்லை. ராணுவம் வந்தது, மண் அள்ளும் பெக்கோ வந்தது. மலை இன்னும் இறங்கும் போலிருக்கிறது, இனி யாரும் கிட்டப் போகக் கூடாது என்று சொல்லி, பிறகு தோண்டுவதும் நின்றது. பாதை திறந்து பிரேமிளா போய்ச் சேர்ந்தபோது, பள்ளிக்கூட முகாமில் பிள்ளைகள் இருக்கும் ஒரு வாங்கில் சுமன் உட்கார்ந்திருந்தான். பத்து விரலிலும் நகம் இல்லை. அவனைத் தன்னோடு கட்டுகஸ்தோட்டைக்குக் கூட்டி வந்தாள்.

அவள் வாடகைக்கு இருந்தது இரண்டு அறை வீடு. முன்னறையில் ஜன்னலோரம் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் அவன் இருப்பான். சோறு போட்டுக் கொடுத்தால் சாப்பிடுவான். கேட்டால் பதில் சொல்வான். அவனாக எதையும் கேட்க மாட்டான்.

தைப்பொங்கல் முடிந்த கையோடு ஏழாவது அத்தியாயம் வந்தது.

கிருஷாந்தன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "இருங்கோ பிரேமிளா" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இந்த அத்தியாயத்தில ஒரு மலை சரியுது. சுரங்கத்தில வேலை செய்யிற சனம் இருக்கிற ஊருக்கு மேல. டெய்ராவுக்கு ஒரு கைதானே ஏலும். அணைக்கட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. ஊருக்கு வரப் பிந்திப்போகுது."

"எத்தனை பேரக் காப்பாத்துறா?"

கிருஷாந்தன் மேசையைப் பார்த்தார். "ஒருத்தரையும் இல்லை."

பிறகு நிமிர்ந்து சொன்னார். "நீங்கள் இதைச் செய்யத் தேவையில்லை. வேற ஆளைப் பிடிக்க ஏலுமோ எண்டு நான் கொழும்பில விசாரிக்கிறன்."

விசாரித்தார். மண்ணும் நீரும் சேர்ந்து இறங்குவதை அந்தத் தரத்தில், அந்தத் தவணைக்குள் செய்து தர ஆள் அகப்படவில்லை. அத்தியாயம் பிந்தினால் மிச்ச வேலையை வேறு நாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது ஸ்டூடியோவில் எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஸனா மட்டும், "பிரேமி, நீங்க உடுங்க. எனக்குத் தெரிஞ்ச மாதிரி நான் செய்றேன். நல்லா இல்லாட்டி அவங்க ஏசட்டும்" என்றாள்.

ஸனா இரண்டு நாள் முயன்று பார்த்தாள். அவள் வரைந்த மண் சீனிப் பாணிமாதிரி வழிந்தது. பிரேமிளா அதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "எந்திரிங்க, நான் செய்றேன்" என்றாள்.

வேலைக்கு உதவியாக இருக்கட்டும் என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கோப்பு அனுப்பியிருந்தார்கள். உலகத்தில் எங்கெங்கோ மலை சரிந்தபோது யார் யாரோ போனில் பிடித்த வீடியோக்கள். ஒவ்வொன்றாகத் திறந்து, மண் எங்கே முதலில் வெடிக்கிறது, மரங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்த்துக்கொண்டு போனாள். ஐந்தாவதோ ஆறாவதோ வீடியோவில் தேயிலை தெரிந்தது. கீழே தகரக் கூரை போட்ட நீண்ட லயம் ஒன்று. முனையில் இருந்த பலாமரத்தை அவளுக்குத் தெரியும்.

நிறுத்தாமல் பார்த்தாள். பாதையில் நின்று எவரோ பிடித்திருக்கிறார். மலை முதலில் நகரவே இல்லை. தேயிலை வரிசைகள் மட்டும் மெதுவாக வளைந்தன. பிறகு எல்லாம் ஒரே தடவையில் வந்தது. வீடியோவின் ஓரத்தில், தோட்டத்து வொலிபோல் கிளப்பின் மஞ்சள் ஜேர்சி போட்ட ஒருவன் மேல்நோக்கி ஓடினான். அவன் கையிலிருந்த பை விழுந்து வெள்ளையாகச் சிதறியது. மாவு. அவன் திரும்பிப் பார்க்காமல் ஓடினான். பின்னால் நின்றவர்கள் "போகாதடா, போகாதடா" என்று கத்தினார்கள்.

பிரேமிளாவின் கை பழக்கத்தில் வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தியது. அவளுடைய வேலையே அதுதான். லயத்தின் கடைசி நான்கு கதவுகளும் முழுதாகத் தெரிகிற ஒரு ஃபிரேம் இருந்தது. இரண்டாவது கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு. அடுத்த ஃபிரேமுக்கு நகர்த்த அவளுக்கு விரல் வரவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஸனாதான் வந்து பார்த்தாள். பார்த்ததும் கையை நீட்டித் திரையை அணைத்தாள். "யா அல்லாஹ்" என்றாள்.

அன்று பின்னேரமே கிருஷாந்தன் இயக்குநரை அழைத்தார். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். யாரோ ஓர் உதவியாளர் இணையத்தில் கிடைத்ததையெல்லாம் இறக்கிப் போட்டிருக்கிறார், யாருடைய மலை, யாருடைய வீடு என்று யாரும் பார்க்கவில்லை என்றார். வீடியோவை அப்போதே அழிக்கச் சொன்னார். திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். பிரேமிளாவுக்கு எவ்வளவு நாள் ஓய்வு வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

"ஓய்வு வேண்டாம். ஒன்று மட்டும் கேட்கலாமா?" என்றாள் பிரேமிளா.

"கேளுங்கள்."

"டெய்ரா ஒரு பிள்ளையைக் காப்பாற்றட்டும். ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் நீங்கள் எழுதியபடியே இருக்கட்டும்."

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். குரல்கள் எல்லாம் பதிவாகிவிட்டன. அடுத்து வரும் மூன்று அத்தியாயங்களும், தன்னால் ஒருவரைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை என்ற பாரத்தை டெய்ரா சுமப்பதைப் பற்றியவை. ஒரு பிள்ளை பிழைத்தாலும் பார்ப்பவர்கள் அந்தப் பிள்ளையைப் பார்த்து நிம்மதியடைந்து மற்றவர்களை மறந்துவிடுவார்கள். "இறந்தவர்களை மறக்கவிடக் கூடாது என்றுதான் இப்படி எழுதினோம். உங்களுக்கு அது புரியும் என்று நினைக்கிறேன். வலிக்காத மாதிரிக் காட்டினால் பொய் என்று நினைப்பவர் நீங்கள்."

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்கப் பிரேமிளாவால் முடியவில்லை. போன வருஷம் என்றால் அவளே அதைத்தான் சொல்லியிருப்பாள். "சரி" என்றாள்.

வேலையை வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஸ்டூடியோவில் எல்லோரும் அவள் முகத்தையே பார்ப்பதைத் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பின்னறையில் மேசைமேல் திரையை வைத்துக்கொண்டு மண்ணை வரைந்துகொண்டிருந்தாள். வீடியோ அழிந்துவிட்டது. ஆனால் அவள் கைக்கு இப்போது அது தேவைப்படவில்லை. முதலில் தேயிலை வரிசை வளைய வேண்டும். இந்தக் கதையில் தேயிலை இல்லை, வேலிகள் இருந்தன. வேலிகளை வளைத்தாள்.

சுமன் எழுந்து வந்து வாசலில் நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"எங்க மலையா?" என்றான்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "இல்லண்ணே. இது கதையில வர்ற மலை."

அவன் உள்ளே வந்து திரையருகே குனிந்து பார்த்தான். "அந்தப் பொம்பள எங்க? யசோ பாக்குமே."

"டெய்ராவா? அவ பிந்தித்தான் வருவா."

"பிந்தின்னா?"

"எல்லாம் முடிஞ்சதுக்கப்புறம்."

சுமன் நிமிர்ந்தான். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவன் அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான். "நீதானே வரையிற?"

"ஆமாண்ணே."

"அப்ப ஒரு புள்ளயையாவது தூக்கி விடக் கூடாதா?"

"கதை அவங்களோடதுண்ணே. நான் கேட்டுப் பாத்தேன். முடியாதுன்னுட்டாங்க. நான் மண்ண மட்டும்தான் வரையிறேன்."

அவன் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டான். கோபப்பட்டு ஏசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த சில நாள், அன்றன்றைய வேலை முடிந்ததும் அவள் யாரும் கேட்காத ஒரு ஷாட்டை வரைந்தாள். ஸனாவிடம் டெய்ராவின் படங்களை வாங்கிக்கொண்டாள். எதற்கு என்று ஸனா கேட்கவில்லை. டெய்ராவின் முகத்தை ஸனாவே வரைந்து கொடுத்தாள். மண் இறங்கி வருகிறது. புகையைக் கிழித்துக்கொண்டு டெய்ரா இறங்குகிறாள். எரிந்த கையால் கதவை இடித்துத் தள்ளி, நல்ல கையால் ஒரு சிறுமியைத் தூக்கிக்கொண்டு மேலே போகிறாள். பிள்ளையின் முகம் யாருடையதுபோலவும் இருக்கக் கூடாது என்று பிரேமிளா கவனமாகத்தான் இருந்தாள். இருந்தும் இரட்டைப் பின்னல் தானாக வந்துவிட்டது.

மற்ற ஷாட்களோடு அதையும் சேர்த்து அனுப்பினாள். அடுத்த நாளே பதில் வந்தது. 'மிக அழகாக இருக்கிறது. பார்த்து அழுதுவிட்டேன். சேர்க்க முடியாது, மன்னித்துவிடுங்கள்.'

எப்படியும் சுமனுக்குக் காட்டினாள். அவன் பார்த்தான். "இன்னொருக்காப் போடு" என்றான். போட்டாள். "இன்னொருக்கா." பிறகு அவனே அவளுடைய பழைய போனை எடுத்து, அதில் ஏற்றித் தரச் சொன்னான். மறுநாள் காலையில் அவள் எழுந்தபோது அவன் குளித்து, முகம் வழித்து, அடுப்பில் தேத்தண்ணி வைத்திருந்தான். அன்று ஸ்டூடியோவுக்குப் போய் ஸனாவிடம் அதைச் சொன்னபோது பிரேமிளாவுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

நாலைந்து நாள் அப்படியே போனது. ஒரு நாள் பின்னேரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சுமன் கேட்டான்.

"தூக்கிட்டு எங்க போனா?"

"யாருண்ணே?"

"டெய்ரா. புள்ளையத் தூக்கிட்டு மேல போறாள்ல. எங்க கொண்டுபோய் எறக்கி விட்டா?"

பிரேமிளா எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள். "பத்திரமான எடத்துக்குத்தாண்ணே" என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டு, சோற்றைப் பிசைந்து முழுவதையும் சாப்பிட்டு முடித்தான்.

ஞாயிறு காலை அவன் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றான். கையில் யசோவின் பள்ளிக்கூடப் படம். முகாமில் கிராம சேவகருக்குக் கொடுப்பதற்காகப் பெரிதாக்கிய படம் அது.

"எங்கண்ணே போறீங்க?"

"பத்திரமான எடம்னா அது மலைக்குக் கீழ ஓடுற ஆத்துக்கு அந்தப் பக்கந்தான். இந்தப் பக்கம் பூரா மண்ணு. அங்கிட்டு சிங்கள ஊரு இருக்கு. அங்க கேக்கணும்."

பிரேமிளா அவன் கையைப் பிடித்தாள். "அண்ணே, அது நான் சும்மா வரைஞ்சது. அப்பிடி ஒண்ணும் நடக்கல. டெய்ரான்னு ஒருத்தி இல்ல."

"தெரியும் புள்ள. எனக்குப் பைத்தியம் ஒண்ணும் புடிக்கல."

"பெறகு ஏன் போறீங்க?"

"அந்தப் பக்கம் யாருமே போய்க் கேக்கலையே. ஆமிக்காரனும் கேக்கல, நானும் கேக்கல. தண்ணி இழுத்துட்டுப் போயிருந்தா? யாராவது எடுத்து வச்சிருந்தா?"

அது உண்மை. யாரும் போய்க் கேட்கவில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு அவனோடு கிளம்பினாள்.

மஹியங்கனை பஸ்ஸில் ஏறி, தெல்தெனிய தாண்டி, ஹுன்னஸ்கிரியவுக்கு முன்னால் இறங்கி நடந்தார்கள். பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்ததால் சுற்றிப் போக வேண்டியிருந்தது. தூரத்தில் அந்த மலை சிவப்பாகத் தெரிந்தது. சுமன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆற்றோரம் இருந்த முதல் வீட்டில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சுமன் படத்தை நீட்டி, சிங்களத்தில் விளக்கமாகக் கேட்டான். எந்த மாதம், எவ்வளவு உயரம், என்ன நிறக் கவுன், இரட்டைப் பின்னல். அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிறகு பிரேமிளாவைப் பார்த்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று அந்தக் கண்கள் அவளைக் கேட்டன. பிரேமிளா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தப் பெண் உள்ளே போய் இரண்டு கதிரைகளை எடுத்து வந்து போட்டாள். தேத்தண்ணி கொடுத்தாள். தன் வீட்டுப் பக்கம் அப்படி எந்தப் பிள்ளையும் வரவில்லை, ஆனால் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி, சுமனின் போன் நம்பரைத் தன் போனில் பதிந்துகொண்டாள். அடுத்த வீட்டிலும் அப்படித்தான். அதற்கடுத்த வீட்டில் ஒரு நாய் விரட்டியது. ஒருவரும் அவனை ஏசவில்லை, சிரிக்கவில்லை. ஒருவராவது, "மகன், இவ்வளவு நாளுக்குப் பிறகு எங்கே?" என்று கேட்க மாட்டார்களா என்று பிரேமிளா எதிர்பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

மாசி கடைசியில் ஏழாவது அத்தியாயம் வெளிவந்தது. சிறுவர் கார்ட்டூன் இவ்வளவு துணிச்சலாகத் துயரத்தைக் காட்டியதில்லை என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதின. மண் சரியும் காட்சியைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டியிருந்தார்கள். கிருஷாந்தன் கேக் வாங்கிவர நினைத்து, பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டார். அடுத்த சீசனுக்கும் இவர்களுக்கே வேலை தருவதாகக் கடிதம் வந்தது. ஸனா பிரேமிளாவின் பக்கத்துக் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "அண்ணனுக்கு அந்த ஷாட்டக் காட்டாம இருந்திருக்கலாம் போல" என்று மெதுவாகச் சொன்னாள்.

"ஆமா" என்றாள் பிரேமிளா. "அப்ப அவரு எந்திரிச்சிருக்கவே மாட்டாரு."

இரண்டில் எது மோசம் என்று இருவருக்கும் தெரியவில்லை. ஒரு முறை அவன் குளிக்கப் போயிருந்தபோது போனிலிருந்து அந்த ஷாட்டை அழித்துவிடலாம் என்று எடுத்தாள். அழித்தால் மட்டும் என்ன, அவன் தலைக்குள்ளே டெய்ரா பறந்துகொண்டுதான் இருப்பாள் என்று தோன்றியது. போனைத் திரும்ப இருந்த இடத்திலேயே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் போகிறார்கள். ஆற்றின் அந்தப் பக்கத்து வீடுகளெல்லாம் முடிந்துவிட்டன. இப்போது கீழே, ஆறு திரும்பும் இடத்துக்கு அப்பால் இருக்கும் ஊர்கள். சில வீடுகளில் அவர்களை ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. தூரத்திலேயே கண்டு கதிரையை எடுத்து வெளியே போடுகிறார்கள். போன கிழமை ஒரு வீட்டில் வயதான ஆள் ஒருவர் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, சரிவுக்கு அடுத்த நாள் தண்ணீரில் ஒரு சிறிய கவுன் போனதைக் கண்டதாகச் சொன்னார். நிறம் ஞாபகமில்லை என்றார். கவுன் மட்டும்தானா, உள்ளே பிள்ளை இருந்ததா என்று சுமன் கேட்டான். அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ் பிந்தியது. கடை வாசலில் ஒதுங்கி நின்றார்கள். தூறல் போட ஆரம்பித்தது. பிரேமிளா குடையை விரித்து அவன் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாள்.

"கவுன் மட்டும் போயிருந்தா நல்லதுதானே" என்றான் சுமன். "புள்ள கழட்டிப் போட்டுட்டு எங்கயாவது ஏறியிருக்கும்ல?"

பிரேமிளா பாதையைப் பார்த்தாள். பஸ்ஸின் முன்விளக்கு எதுவும் தெரியவில்லை.

"இருக்கும்ணே" என்றாள்.